கட்டியக்காரன் கேலி எல்லை மீறினா யார், எப்போ, எப்படிக் கேக்கணும்?

ஆரணி_மத்தளம்

பங்குனி பொறந்தா நம்ம பக்கம் திரௌபதியம்மன் கோயில்கள்ல பாரதம் ஆரம்பிச்சிடும். பகல்ல பிரசங்கம், ராத்திரி நாடகம், கடைசியில படுகளம், தீமிதி. இப்பல்லாம் அதோட சேர்ந்து இன்னொண்ணும் ஆரம்பிக்குது. கூத்துல ராஜா வேஷத்துக்கு முன்னால வந்து கேலி பேசற கோமாளி கட்டியக்காரன். அவன் பேசின ரெண்டு நிமிஷத்த யாராவது போன்ல புடிச்சுப் போடுறாங்க. உடனே ஒரு கூட்டம் "சிரிக்கத்தானே சொன்னான், விட்டுத் தள்ளு"ங்குது. இன்னொரு கூட்டம் "இந்த ஜமாவை (கூத்துக் குழுவை) இனிமே எந்த ஊரும் கூப்பிடாதீங்க"ங்குது. விமர்சனம்னு ஒண்ணு இருக்குறதே ரெண்டு பேருக்கும் ஞாபகம் வர்றதில்ல.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். கேக்கணும். ராஜா வேஷம் சுதி விலகினா ஜமாவ நடத்தற வாத்தியார் கேக்கறார், அடவு தப்பினா கேக்கறார். கேலியும் அதே மாதிரி கத்துக்கிட்டு செய்யற வேலைதான். அதுல நடக்கற தப்ப மட்டும் கேக்கக் கூடாதுன்னா, அது ஒரு வேலையே இல்லன்னு நாமளே சொல்ற மாதிரி. ஆனா யார் கேக்கறது, எப்போ கேக்கறது, எந்த வரியக் கேக்கறதுங்கற கணக்கு வேணும். விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. ஸ்டாண்ட்அப், காலேஜ் மேடை பத்தியும் பேசலாம்.

குடியாத்தம்_தறி

மத்தளம் அண்ணா, எனக்கு இதுல பயம் இருக்கு. ராஜா வேஷத்தப் பாத்து "யார்யா நீ, எந்த ஊரு"ன்னு கேக்கற உரிமை களரியில, அதாவது கூத்து ஆடற இடத்துல, கட்டியக்காரன் ஒருத்தனுக்குத்தான். அவன் வாய்க்கு எல்லை கட்ட ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்?

எம்.ஆர்.ராதா கதைய எடுத்துக்கங்க. வெள்ளைக்காரன் 1876-ல கொண்டுவந்த நாடகச் சட்டம் போதலன்னு, 1954-ல சென்னை மாநிலத்துக்குன்னே தனியா ஒரு நாடகச் சட்டம் வந்தது. ராதா நாடகங்கள அடக்கத்தான் அது வந்ததுன்னு ஊருக்கே தெரியும். அதோட முக்கியப் பிரிவுகள் செல்லாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்றதுக்கு, பத்திரிகையாளர் ஞாநி வழக்குப் போட வேண்டியிருந்தது. அன்னைக்கும் "ஜனங்க மனசு புண்படுது"ன்னுதான் காரணம் சொன்னாங்க. மனசு புண்படாத கேலின்னு ஒண்ணு இருக்கா?

களரி_விளக்கு

தறி சார் சொல்ற உரிமை உண்மையானது. அது எந்தப் பக்கமா ஓங்கின கைங்கறதுதான் எனக்குக் கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

களரி கட்டி, சாமி பாட்டு முடிஞ்சதும் மொதல்ல வர்றவன் கட்டியக்காரன். அப்புறம் ரெண்டு பேர் திரை புடிக்க, ராஜா உள்ள இருந்து பாடுவார். திரைக்கு வெளிய, ஜனங்க பக்கம் நிக்கறவன் கட்டியக்காரன் மட்டும்தான். ராஜா தன் பெருமைய அடுக்க அடுக்க அவன் குறுக்கக் கேட்டு ஒவ்வொண்ணா அவுத்து விடறான். கேள்வியும் ராஜாவுக்கு, அவமானமும் ராஜாவுக்கு. இந்த அமைப்பிலதான் அவனோட உரிமை இருக்கு. ஒரு உதாரணம் போட்டுக் காட்டறேன்.

ராஜா: நமது நாட்டிலே பாலாறு பெருகி ஓடுகிறதா?
கட்டியக்காரன்: ஓடுது ராஜா. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல லாரியில ஓடுது.

"ஓடுது ராஜா"ன்னு சொன்னதும் ஒரு தாளம் விடணும். ராஜா தலைய ஆட்டுவார், ஜனங்களும் வழக்கமான புகழ்ச்சிதான்னு நெனப்பாங்க. "லாரியில"ங்கற சொல் வர்ற வரைக்கும் குட்டு உடையக் கூடாது. அது விழுந்த உடனே மத்தளம் ஒரு அடி. வாலாஜாவுல இருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த ஊர்ல சொன்னாலும் யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க. ராஜா முழிக்கணும், மணல் எடுத்தவன் கூட்டத்துல இருந்தா அவனும் முழிக்கணும்.

இப்போ அதே கேள்விக்கு இன்னொரு பதில். கட்டியக்காரன் முன்வரிசையில கால் ஊனமான ஒருத்தரக் கை காட்டி, "தோ இவரு நடக்கற மாதிரி ஓடுது ராஜா"ங்கறான். இதுக்கும் சிரிப்பு வரும், ஒருவேளை கூடவே வரும். ஆனா ராஜா தப்பிச்சிட்டார். பாலாறு என்ன ஆச்சுங்கற கேள்வி அவர்கிட்ட இருந்து கழண்டு, பதில் பேச மைக் இல்லாத ஒருத்தர் தலையில விழுந்துடுச்சு. ஒழுக்கம் எல்லாம் அப்புறம், தொழிலாவே இது தப்பு. கட்டியக்காரன் தன் வேலைய விட்டுட்டு ராஜாவுக்கு வேலை செஞ்சிருக்கான்.

திரௌபதி சேலைய உருவற வஸ்திராபரணக் கட்டத்துல இது இன்னும் பச்சையாத் தெரியும். துச்சாதனன் சேலையில கை வைக்கறதுக்கு முன்னால கற்பூரம் காட்டற ஊர்கள் உண்டு. தூங்கற புள்ளைய மடியில வச்சிருக்கற அம்மாவும் எழுந்து நிப்பாங்க. அதுவரைக்கும் துரியோதனன் சபைய எவ்வளவு வேணும்னாலும் கிழிக்கலாம். அந்த இடத்துல போய் திரௌபதி பத்தி ஒரு இரட்டை அர்த்தம் விழுந்தா, ராத்திரி முழுக்க ஏத்தி வச்ச ஆத்திரம் அங்கயே இறங்கிப் போயிடும். தேர்ந்த கட்டியக்காரங்க அந்தக் கட்டத்துல குரலத் தாழ்த்தி, ஓரமா ஒதுங்கிடுவாங்க. எப்போ பேசக் கூடாதுன்னு தெரியறதும் கோமாளியோட படிப்புல சேர்ந்ததுதான்.

பாலாற்றங்கரை

விளக்கு அண்ணா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். களரியச் சுத்தி யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. முன்னால பாய், சாக்கு விரிச்சு புள்ளைங்களும் வயசான பொம்பளைங்களும். பின்னால நின்னுட்டு ஆம்பளைங்க. கட்டியக்காரன் காதுக்கு எட்டற சிரிப்பு பெரும்பாலும் பின்னால இருந்து வர்றது. அடி விழறது முன்னால உக்காந்தவங்க மேல. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்கன்னா சிரிக்கறாங்கன்னு எடுத்துக்கறாங்க. தலைய எந்தப் பக்கம் திருப்பறாங்கன்னு கவனிங்க. களரிய விட்டுக் கண்ண எடுத்துப் பக்கத்துல இருக்கறவங்களப் பாத்தா, அது சங்கடம்.

அடுத்தது ஒலிபெருக்கி. குழாய் ஸ்பீக்கர் கட்டினா ரெண்டு மணிக்குப் பேசற பேச்சு அடுத்த தெரு, ஏரிக்கரை தாண்டிப் போகுது. நாடகத்துக்கு வராதவங்க வீட்டுக்குள்ளயும் போகுது. பேரோட ஒருத்தி பத்திக் கேலி சொன்னா அவ படுத்திருக்கற இடத்துலயே கேக்கும். "புடிக்கலன்னா எழுந்து போகலாமே"ங்கற வாதம் டிக்கெட் வாங்கி உள்ள போற ஸ்டாண்ட்அப்புக்கு ஓரளவு பொருந்தும். ஊர்க்கூத்துக்குச் சுத்தமாப் பொருந்தாது. அவங்க எழுந்து எங்க போவாங்க?

பொம்பள வேஷத்த வச்சு வர்ற கேலியும் அப்படித்தான். ஆம்பள புடவை கட்டி ஆடறது நூத்துக்கணக்கான வருஷமா நம்ம மரபு. அதை வச்சு வேஷக்காரரை லேசா சீண்டறது ஜமாவுக்குள்ள நடக்கற விளையாட்டு. அதே பேச்சு கூட்டத்துல நிக்கற திருநங்கை பக்கம் திரும்பினா விளையாட்டு முடிஞ்சுபோச்சு. மறுநாள் காலையில டீக்கடையில அவங்களக் கூப்பிட ஊர் பசங்களுக்கு ஒரு புதுப் பேரு கிடைச்சிடும். கட்டியக்காரன் அடுத்த ஊருக்குப் போயிடுவார், அந்தப் பேரு போகாது.

செய்யாறு_பின்பாட்டு

எல்லாரும் கட்டியக்காரனையே புடிச்சுக்கிட்டீங்க. பச்சையாப் பேசறது எங்க ஆரம்பிக்குதுன்னும் பாக்கணும்.

நாடகம் பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் போகுது. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கூட்டம் சாயற நேரம். அடுத்த வேஷம் கட்டை, கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் கட்டி முடியல, இன்னும் அஞ்சு நிமிஷம் இழுன்னு உள்ள இருந்து சைகை வரும். இழுக்கறதுக்கு கட்டியக்காரன் கையில சரக்கு தீர்ந்திருக்கும். அப்போ வாய்ல வர்றது கருப்பு, குட்டை, மொட்டை, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி. இல்லன்னா போன வாரம் கைதட்டல் வாங்கின பச்சைப் பேச்சு. கெட்ட எண்ணத்தவிட காலி நேரம்தான் இதுக்கு அதிகக் காரணம். அதனால வைத்தியமும் அங்கதான் பாக்கணும். வேஷம் கட்டற வரிசைய சரி பண்ணுங்க, ரெண்டு மணிக்கு மேல வர்ற வேஷத்த முன்கூட்டியே கட்ட வைங்க. அப்படியும் இடைவெளி வந்தா ஆர்மோனியக்காரர் ஒரு விருத்தம் எடுக்கட்டும். முகவீணை நல்லா வாசிக்கறவர் இருந்தா அவருக்கு அஞ்சு நிமிஷம் குடுத்துப் பாருங்க, தூங்கினவன் எழுந்து உக்காருவான்.

ரெண்டாவது காரணம் மொய். நூறு ரூபா நோட்ட ஊக்கால சட்டையில குத்தி, சீட்டுல பேரு எழுதிக் குடுத்து, "அவனப் பத்தி நாலு வார்த்தை சொல்லு"ன்னு காதுல ஓதிட்டுப் போறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அந்த "அவன்" பெரும்பாலும் பங்காளிச் சண்டையில இருக்கறவன், இல்ல வேற தெருக்காரன். கட்டியக்காரனுக்கு ஊர் நிலவரம் தெரியாது, படிச்சிடறார். அடி அவருக்கு விழும், நோட்டு குத்தினவன் வீட்டுக்குப் போய் படுத்துடுவான்.

இதுக்கு ஒரு வழி உண்டு. மொய் சீட்டு நேரா மேடைக்குப் போகக் கூடாது. விழாக் குழுவுல ரெண்டு பேர், அதுவும் ரெண்டு தெருக்காரங்களா, ஒரு நோட்டுல பேரும் தொகையும் மட்டும் எழுதி, பத்து பத்தா சேத்துக் குடுக்கணும். பேருக்குப் பின்னால ஜாதிப் பட்டம் வேணாம். அதுல "இன்னார் சார்பில் இன்னாரைக் கேலி செய்க"ன்னு எதுவும் ஏறக் கூடாது. இத தாம்பூலம் மாத்தும்போதே வாத்தியார்கிட்ட சொல்லிடணும். முன்பணம் வாங்கற அன்னைக்கு ஒத்துக்காத ஜமாவ நான் பாத்ததில்ல. பாதி ராத்திரியில மைக்க நிறுத்திட்டுச் சொன்னா எந்த ஜமாவுக்கும் ரோஷம் வரும்.

மேடை_மைக்

பின்பாட்டு அண்ணா சொன்ன காலி நேரம் ஸ்டாண்ட்அப்புலயும் அப்படியே இருக்கு. எழுதின சரக்கு தீர்ந்ததும் முன்வரிசைய நோண்டறோம். "எந்த ஊரு, என்ன படிக்கற, பக்கத்துல யாரு"ன்னு ஆரம்பிக்கும். இதுல ஒரு ஒழுங்கு இருக்கு. ஒருத்தர் தானா சொன்ன விஷயத்த வச்சு மட்டும் பேசலாம். மேடையில இருந்து பாத்தா தெரியற நிறம், உடம்பு, ஊனத்த வச்சு ஆரம்பிக்கக் கூடாது. ரெண்டாவது பதிலுக்குள்ள அவர் சிரிக்கலன்னா ஆளை மாத்தணும். மூணாவது தடவையும் அவர்கிட்டயே போனா கூட்டம் அவர் பக்கம் சாஞ்சிடும், அப்புறம் அந்த ராத்திரி தேறாது.

புதுசா எழுதின ஜோக்க சின்ன மேடையில அஞ்சு நிமிஷம் போட்டுப் பாக்கறது வழக்கம். சிரிப்பு வருதான்னு மட்டும் பாக்கறவங்கதான் அதிகம். ஜோக்குல யாரு இருக்காங்களோ அவங்க மாதிரி ரெண்டு பேராவது உக்காந்திருக்கற அறையில போட்டுப் பாக்கணும். வேலூர் காலேஜ் மேடைன்னா இது முக்கியம். ஆந்திரா, கேரளா, பீகார், வடகிழக்குன்னு எல்லாரும் உக்காந்திருப்பாங்க. அவங்க பேசற தமிழை மிமிக்ரி பண்ணி வாங்கற சிரிப்பு ரொம்ப மலிவு.

விமர்சிக்கறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முப்பது செகண்ட் கிளிப்ப வச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் என்ன சொன்னார்னு பாருங்க. ஜாதி வெறியன் மாதிரி நடிச்சு அவனைக் கிழிக்கற ஜோக்குல, நடிப்ப மட்டும் வெட்டிப் போட்டா அவரே வெறியன் ஆயிடுவார்.

காட்பாடி_சட்டம்

சட்டப் பக்கம் என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன். பலர் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

முதலாவது, விமர்சிக்கும் உரிமை. அவதூறுச் சட்டத்திலேயே, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499-லும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 356-லும், ஆறாவது விதிவிலக்கு இதற்காகவே இருக்கிறது. பொதுமக்கள் முன் வைத்த ஒரு நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. நிகழ்ச்சியில் வெளிப்பட்ட அளவுக்குக் கலைஞரின் குணத்தைப் பற்றியும் சொல்லலாம், அதற்கு மேல் போகக் கூடாது. "அந்த வரி மட்டமானது, பேசியவர் பொறுப்பில்லாமல் பேசினார்" என்று எழுதலாம். அவர் குடும்பத்தை இழுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இரண்டாவது, உண்மையாகவே குற்றமாகும் பேச்சு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(r), 3(1)(s): அந்தச் சமூகத்தைச் சேராத ஒருவர், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவு செய்வது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை. முன்ஜாமீனுக்குப் பிரிவு 18 தடை போடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92(a)-விலும் அதே ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு. ஒரு பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு சொல்லும் சொல், செய்யும் சைகைக்கு சன்ஹிதா 79, மூன்று ஆண்டு வரை. "நான் கோமாளி வேஷத்தில் இருந்தேன்" என்பது இவை எதிலிருந்தும் தானாகக் காப்பாற்றாது. பின்பாட்டு சொன்ன மொய்ச் சீட்டு இதனால்தான் ஆபத்து.

மூன்றாவது, பிடிக்காத கேலியை வழக்காக மாற்றுவது. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்அப் கலைஞர் முனாவர் ஃபாரூக்கி கைதானார். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது பிப்ரவரி 5-ல். ஒரு மாதத்துக்கு மேல் சிறை. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன் வந்த வழக்கு இன்னும் சிறியது: சிறுமலைக்குப் போன படத்தைப் போட்டு "துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம்" என்று எழுதியவர் மீது, அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கத் தயாராவது வரையிலான பிரிவுகள். நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு வழக்குகளில், பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம்) 173(3)-ன் கீழ் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்வதே முறை என்று போலீசாரிடம் எடுத்துச் சொல்ல முடியும்.

ஊர்க்கூத்துக்கு இன்னொரு சிக்கல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு ஆண்டில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்கும் நாடகம் எப்போதும் இதன் நிழலில்தான் நடக்கிறது. தன்னைப் பற்றிய கேலி பிடிக்காத செல்வாக்குள்ளவர் சாதி, மதம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒலி பற்றி ஒரு புகார் போதும். தறி சார் பயப்படுவது இந்த இடத்தில் நியாயம்.

குடியாத்தம்_தறி

சட்டம் சார், மொய்ச் சீட்டு விஷயமும் பாலாற்றங்கரை அக்கா சொன்ன ஸ்பீக்கர் விஷயமும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி பாக்கி. மேல இருக்கறவன், கீழ இருக்கறவன்னு யார் முடிவு பண்றது? கட்டியக்காரன் கவுன்சிலரைச் சொன்னாலும் "எங்க சமூகத்தை இழிவு பண்ணிட்டான்"னுதான் கிளம்புவாங்க. எல்லாரும் தங்கள அடிபட்டவன்னுதான் சொல்லுவாங்க.

களரி_விளக்கு

தறி சார், அதுக்குத்தான் வரியப் பாக்கணும்ங்கறேன். கவுன்சிலர் செஞ்சத (தெருவிளக்கு, கால்வாய், கமிஷன்) சொல்லியிருந்தா அவர் கோபப்பட்டுக்கட்டும், பதில் சொல்ல அவருக்கு மேடை இருக்கு. அவர் பொறந்த ஜாதிய, அவர் வீட்டுப் பொம்பளைய சொல்லியிருந்தா, அவர் பெரிய ஆளா இருந்தாலும் அந்த வரி தப்பு. அந்த அடி அவரோட நிக்காம, அதே ஜாதியில, அதே வீட்டுல இருக்கற எளியவங்க மேலயும் விழுது. ஆள் செஞ்சதா, ஆளோட பிறப்பு, உடம்பான்னு பிரிச்சாலே முக்கால்வாசி சண்டை தெளிவாயிடும்.

மீதிக் கால்வாசிக்கு 2024 ஜூலையில வந்த நிபுன் மல்ஹோத்ரா தீர்ப்பு உதவும். மாற்றுத்திறனாளிகள இழிவுபடுத்தற நகைச்சுவை வேற, ஊனத்தோட வாழறதப் புரிய வைக்கற நகைச்சுவை வேறன்னு உச்ச நீதிமன்றம் பிரிச்சுச் சொன்னது. குருட்டு திருதராஷ்டிரன் வேஷத்த நெனச்சுப் பாருங்க. அவர் தூண்ல முட்டிக்கறத வச்சுச் சிரிக்க வைக்கறது ஒரு வகை. மகன் செய்யற அநியாயம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி நடிக்கறாரேன்னு கட்டியக்காரன் சுத்திச் சுத்திக் கேக்கறது இன்னொரு வகை. ரெண்டாவதுல சிரிப்புக்கு ஆளாகறது அவரோட பாசமும் கோழைத்தனமும். கண்ணு இல்லாதவர் ஒருத்தர் கூட்டத்துல உக்காந்திருந்தா அவரும் சேர்ந்து சிரிக்கலாம்.

ஆரணி_மத்தளம்

சரி, நடைமுறைக்கு வருவோம். நாடகம் நடந்துட்டு இருக்கு, ஒரு வரி தப்பா விழுந்துடுச்சு. குழுவுல இருக்கறவர் என்ன செய்யணும்?

செய்யாறு_பின்பாட்டு

களரிக்குள்ள நடந்து போகவே கூடாது. போனா கூட்டம் ரெண்டா பிரியும், கைகலப்பு அங்கதான் ஆரம்பிக்குது. மைக்க புடுங்கறது, லைட்ட அணைக்கறது வேணாம். வேஷம் கட்டற கொட்டகைக்குப் போய் வாத்தியார்கிட்ட மட்டும், எந்த வரின்னு அப்படியே சொல்லணும். "அசிங்கமாப் பேசறான்"னு பொதுவாச் சொன்னா அவருக்கு எதத் திருத்தறதுன்னு தெரியாது. அவர் ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்தாலே கட்டியக்காரனுக்கு விஷயம் புரிஞ்சிடும். பின்பாட்டுக்காரங்களும் (பின்னால இருந்து கூடப் பாடறவங்க) உதவலாம். வரி தப்பான பக்கம் போறப்போ எதிர்க்கேள்வி போடாம, உடனே அடுத்த தருவ (பாட்ட) எடுத்துட்டா பேச்சு அறுந்துடும். எதிர்க்கேள்வி கிடைக்காத கேலி நீளாது.

கேலி யார் மேல விழுந்ததோ அவங்களக் கூட்டிட்டு வந்து "நீயே சொல்லு"ன்னு நிறுத்தாதீங்க. அது ரெண்டாவது அவமானம்.

பாலாற்றங்கரை

மறுநாள் எழுதறவங்களுக்கும் இதே முறைதான். வரிய எழுதுங்க, எந்தக் காட்சியில வந்ததுன்னு எழுதுங்க, யார் மேல விழுந்ததுன்னு பேரு போடாம எழுதுங்க. வீடியோவ மறுபடி போடாதீங்க. கேலிக்கு ஆளானவங்க முகம் அதுல இருக்கும், கண்டிக்கறேன்னு சொல்லி நாமளே இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டறோம். ஜமா பேரையும் போன் நம்பரையும் போட்டு "கூப்பிடாதீங்க"ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு நெனச்சுப் பாருங்க. ஜமாவுல ஆடறவங்க நிறைய பேர் பகல்ல கூலி வேலைக்குப் போறவங்க. ஒரு சித்திரை போனா அந்த வருஷ வருமானம் போச்சு. மொதல் தடவைக்கு வாத்தியாருக்கு ஒரு போன் போதும். சொல்லியும் அடுத்த ஊர்ல அதே வரி வந்தா, அப்போ பேரு போட்டு எழுதுங்க, நானும் சேர்ந்து எழுதறேன்.

மேடை_மைக்

மன்னிப்பு கேக்கறது எப்படி அண்ணா? ஸ்டாண்ட்அப்புல வீடியோ போட்டு "யாராவது புண்பட்டிருந்தா வருந்துகிறேன்"னு முடிச்சுடறாங்க. அது யாருக்கும் ஆறுதல் தர்றதில்ல.

செய்யாறு_பின்பாட்டு

"புண்பட்டிருந்தா"ங்கற பேச்சே வேணாம் தம்பி. சொன்னது இந்த வரி, சொன்னது தப்பு, இனி வராது. அவ்வளவுதான். பதினெட்டு நாள் பாரதத்துல இதுக்கு இடம் இருக்கு, மறுநாளும் அதே களரி, அதே ஜனங்க. கட்டியக்காரன் மொதல் வரவுல, திரை வர்றதுக்கு முன்னாடி, வேஷத்தோடயே சொல்லலாம். அடிபட்டவங்க பேரச் சொல்லக் கூடாது, முந்தின நாள் வரியத் திருப்பியும் சொல்லக் கூடாது. முடிச்ச உடனே மத்தளம் எடுத்துக்கணும், ராஜா திரைக்கு வந்துடணும். ஒரு நாள் நாடகம் மட்டும்னா வாத்தியாரும் கட்டியக்காரரும் விடிஞ்சதும், அரிதாரம் கலைச்சிட்டு, சாமான் வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு நேரா போயிட்டு வரணும். குழுவுல ஒருத்தர் கூடப் போகணும், போன் கையில எடுக்கக் கூடாது.